தொங்கும் பந்துகளும் அலிப்பூர் காற்றும்

சென்ற வாரம் கூலூம் விதியோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அதே விதியை நூலில் கட்டித் தொங்கவிடுவோம். 2011 ஏஐஇஇஇ நுழைவுத் தேர்வில் வந்த கணக்கு இது. ஒரே புள்ளியிலிருந்து, சம நீள இழைகளில், சம மின்னூட்டம் கொண்ட இரண்டு பந்துகள் தொங்குகின்றன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சற்றே விலகி நிற்கின்றன. மின்னூட்டம் மாறாத வீதத்தில் கசிகிறது. பந்துகள் நெருங்கும் வேகம் இடைவெளியைப் பொறுத்து எப்படி மாறும்?

இப்படிப்பட்ட கணக்கு எதுவானாலும், முதலில் ஒரு பந்தை மட்டும் தனியாக வரையுங்கள். அதன் மேல் மூன்றே விசைகள்: கீழே இழுக்கும் எடை, பக்கவாட்டில் தள்ளும் மின்விசை, இழையின் இழுவிசை. இழையின் சாய்வுக் கோணத்துக்கு டேஞ்சன்ட் எடுத்தால் அது மின்விசையை எடையால் வகுத்ததற்குச் சமம். இழுவிசை தானாகவே கழன்றுவிடும். சாய்வு சிறியது என்பதால் டேஞ்சன்ட்டுக்குப் பதிலாக, பாதி இடைவெளியை இழையின் நீளத்தால் வகுத்துப் போடலாம். மின்விசைக்குக் கூலூம் விதியைப் போட்டால் கிடைப்பது இதுதான்: இடைவெளியின் மும்மடி, மின்னூட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும்.

எண் போட்டுப் பார்ப்போம். பந்து ஒவ்வொன்றும் 0.1 கிராம், இழை 50 செ.மீ., இடைவெளி 6 செ.மீ. என்றால், ஒரு பந்தின் மின்னூட்டம் சுமார் 5 நானோகூலூம். ஏறக்குறைய 3,000 கோடி எலக்ட்ரான்களின் கணக்கு அது. மின்னூட்டம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால் இடைவெளி நாலில் ஒரு பங்கு, அதாவது 1.5 செ.மீ.

தேர்வு கேட்ட விடை: வேகம், இடைவெளியின் வர்க்கமூலத்துக்கு எதிர்த்தகவு. நெருங்க நெருங்க வேகம் கூடும். கணிதத்தில் குறையே இல்லை. எனக்கு உறுத்துவது ‘மாறாத வீதத்தில்’ என்ற நிபந்தனை.

கசிவைக் கூலூமே 1785-ல் அளந்து பார்த்தார். இருக்கும் மின்னூட்டம் எவ்வளவோ அதற்கேற்பத்தான் இழப்பும் என்று கண்டார். ஈரம் கூடினால் இழப்பும் கூடியது. இந்த விதியைப் போட்டுக் கணக்கைத் திரும்பச் செய்தால், வேகம் இடைவெளிக்கு நேர்த்தகவு என்று வருகிறது. நெருங்க நெருங்க வேகம் குறைகிறது! ஒரு நிபந்தனை மாறியதும் விடை தலைகீழாகிவிட்டது.

ஈரத்தைப் பற்றிப் பேச கொல்கத்தாவை விடப் பொருத்தமான ஊர் ஏது? 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது தலைமையகம் அங்கேதான். இன்றும் அந்நகரத்தின் ஈரப்பதம் என்று செய்திகளில் வருவது அலிப்பூர் வானிலை மையத்தின் அளவு. ஜூலையில் அது சராசரியாக 80 சதவீதத்தைத் தாண்டும். அந்த மாதத்தில் அலிப்பூரில் ஒரு பள்ளி ஆய்வகத்தில் பருத்தி நூலில் பந்துகளைத் தொங்கவிட்டால், விலகிய பந்துகள் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். ஈரக்காற்றே மின்னூட்டத்தைக் கடத்திப் போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நீராவி நல்ல கடத்தி அல்ல. நூலின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலந்தான் வழி. பருத்தி ஈரத்தை நன்றாகக் குடிக்கும். தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பானால் கசிவு வெகுவாகக் குறையும். அப்போதும் கொஞ்சம் போகும். காற்றில் எப்போதும் உள்ள அயனிகள் அதற்குக் காரணம்.

பந்துக்கு நெட்டியே போதும். தஞ்சாவூரில் கோபுர பொம்மை செய்வதும், வங்காளத்தில் துர்கைக்கு அணிகலன் செய்வதும் அதே நெட்டியில்தான். அவ்வளவு லேசான பொருள் என்பதால் சிறு மின்னூட்டத்துக்கும் நன்றாக விலகும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கணக்கை நடத்தும்போது இரண்டு நிபந்தனைகளுக்கும் விடை எழுதச் சொல்லுங்கள். பிறகு வறண்ட நாள் ஒன்று பார்த்து, பருத்தி நூலிலும் நைலானிலுமாகப் பந்துகளைத் தொங்கவிட்டு, எந்த விடை பொருந்துகிறது என்று மாணவர்களையே அளக்க விடுங்கள்.