அத்தையின் விரல் நின்ற இடம்

போன மாதம் ஓர் இரவு. விடிந்தால் அத்தைக்கு நான்காவது கீமோ. ஜார்ஜ்டவுன் டத்தோ கிராமாட் சாலை வீட்டில், மூன்று மணிக்குச் சமையலறை விளக்கு எரிந்தது. ஏற்கெனவே பளிச்சென்று இருந்த அடுப்பை அவர் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் தாதி கேட்டபோது, "ஒன்னும் இல்லம்மா, நல்லா தூங்கினேன்" என்றார்.

வானொலியில் பேசியே பிழைப்பவள் நான். பேச்சில் வராத மன அழுத்தத்தை எதில் பிடிப்பது என்று தேடியபோது கிடைத்த பதில், எச்சில்!

மன அழுத்தம் கூடினால் அட்ரினல் சுரப்பி கார்டிசோல் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். இரத்தத்தில் இருக்கும் அது எச்சிலிலும் கசியும். இரத்தம் எடுக்கப் போனால் ஊசிப் பயமே கார்டிசோலை ஏற்றிவிடலாம். எச்சிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. சிறு பஞ்சுருளையை வாயில் ஓரிரு நிமிடம் வைத்துக் குழாயில் போட்டால் போதும். வீட்டிலேயே செய்யலாம். ஆனால் அதற்கு முன் பல் துலக்கக் கூடாது. தே தாரேக்கும் கூடாது.

கார்டிசோல், எழுந்த அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் இரவில் அடங்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுநோய் பரவிவிட்ட 104 பெண்களின் எச்சிலைச் சோதித்து 2000இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிப் போனவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். அழுத்தம்தான் ஆயுளைக் குறைத்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. யாரும் பயந்துவிடாதீர்கள்.

கீமோ காலத்தில் இன்னொரு சிக்கல். வாந்தியைத் தடுக்கப் பலருக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள். இந்த ஸ்டீராய்டு, உடல் சொந்தமாகச் சுரக்கும் கார்டிசோலைக் குறைத்துவிடும். ஆகவே எச்சிலில் அளவு குறைந்தால் ஆள் நிம்மதியாக இருக்கிறார் என்று நம்ப முடியாது. தூக்கத்தையும் இதே மருந்து கெடுக்கும். வாய் உலர்ந்து புண் வந்துவிட்டால் எச்சில் எடுப்பதே பெரும் பாடு. இரத்தம் கலந்தால் கணக்கும் தப்பும். இந்தச் சோதனை பெரும்பாலும் ஆய்வுகளோடு நின்றுவிடுவதில் வியப்பில்லை.

புற்றுநோய்ப் பிரிவுகளில் அதைவிட எளிய ஒரு படம் உண்டு. வெப்பமானி போல 0 முதல் 10 வரை கோடுகள். கடந்த ஒரு வாரத்தில் மனம் பட்ட பாட்டுக்கு ஓர் எண்.

அதை அத்தையிடம் நீட்டினேன். விரலை 2இல் வைத்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். சிரித்துவிட்டு, விரலை மெல்ல 8க்கு நகர்த்தினார்.

ஐந்தாவது கீமோவின்போது தாதியிடம் அந்த எண்ணை அவரே சொன்னார்.