சிறிய சக்கரம் சுமை இழுப்பது எப்படி?

சரக்கு வண்டி வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் சிலர், பள்ளம் மேட்டில் அடி தட்டாமல் இருக்கட்டும் என்று பெரிய டயர் மாட்ட நினைக்கின்றனர். அதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

2005-ல் வந்த டாடா ஏஸ் வண்டிக்கு 12 அங்குலச் சக்கரமும் முன்னோக்கிச் செல்ல 4 கியர்களும் கொடுத்தனர். சிறிய எஞ்சினின் திருகு விசையைக் கியர் பெருக்கித் தருகிறது. சிறிய சக்கரம் அதை இழுவையாகத் தரைக்குச் சேர்க்கிறது. டயரின் உயரம் 10 சதவீதம் கூடினால், ஒரு சுற்றில் வண்டி 10 சதவீதம் அதிக தூரம் ஓடும். ஆனால் இழுவை சுமார் 9 சதவீதம் குறையும். பிரேக்கின் பிடிப்பும் அவ்வாறே குறையும். கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் மீட்டர் 50 காட்டும்போது வண்டி 55-ல் போகும்.

சமதரையில் இது அவ்வளவாகத் தெரியாது. 25 கிலோ அரிசிச் சிப்பம் 24 ஏற்றித் திருத்தணி மலைப்பாதையில் போனால் தெரியும். முதல் கியரிலேயே வண்டி திணறும். டிரைவர் கிளட்சை அரைகுறையாக மிதித்தபடியே ஓட்டுவார். பிளேட் சீக்கிரம் தேயும். வாடகையில் மிச்சப்பட்டது மெக்கானிக் கைக்குப் போய்விடும்.

டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 மொபெட்டில் 16 அங்குலச் சக்கரம், கியர் ஒன்றே. மேட்டில் குறைத்துப் போட வேறு கியர் இல்லை. ஆகவே சுமையைத்தான் குறைக்க வேண்டும். ஒரு நடையை இரண்டு நடையாக்குங்கள்.

கம்பெனி குறித்த டயர் அளவை மாற்றாதீர்கள். மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. சரக்கும் ஆளும் பத்திரமாக வந்து சேர்வதே முதல் லாபம்.