புகைப்படக் கலையில் 'ரா'வும் 'ஜேபெக்'கும்

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு (இயற்பியல்)

கேமராவைக் கையில் வாங்கிய புதிதில் நம்மில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதில் 'ரா' என்றும் 'ஜேபெக்' என்றும் இரண்டு முறைகள் இருக்கின்றனவே, எதில் வைத்துப் படம் எடுப்பது? "தெரிந்தவன் ராவில் எடுப்பான், தெரியாதவன் ஜேபெக்கில் எடுப்பான்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வோர் உண்டு. "இவ்வளவு பெரிய கோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று ராவை ஒதுக்கிவிடுவோரும் உண்டு. இவ்விரண்டுமே முழு உண்மை அல்ல என்பதை நான் இரண்டு தவறுகள் செய்து கற்றுக்கொண்டேன். ஒன்று ஜேபெக்கில் செய்தது. மற்றொன்று ராவில் செய்தது. அவற்றை முன்வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதல் தவறு

முதலாம் ஆண்டு படிக்கும்போது, சித்தப்பா மகன் வைத்திருந்த கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். என் அப்பத்தா நிலைப்படியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குள் நின்றபடி கூப்பிட்டேன். திரும்பிச் சிரித்தார். படம் எடுத்தேன். அவருக்குப் பின்னால் வாசலில் உச்சிவெயில். கேமரா அந்த வெயிலை அளந்து படத்தை அமைத்துக்கொண்டது. அப்பத்தாவின் முகம் இருட்டில் விழுந்துவிட்டது. அப்போது அதை நான் பெரிதாக எண்ணவில்லை. பிறகு நன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அந்த மாசியிலேயே அப்பத்தா காலமானார். காரியத்திற்குச் சட்டம் போட ஒரு படம் வேண்டும் என்றார் அப்பா. வாக்காளர் அட்டையில் இருந்ததைத் தவிர அவருக்கு வேறு படம் இல்லை. நான் எடுத்ததைப் புதுக்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டு போனேன். அதன் உரிமையாளர் பிலிம் காலத்திலிருந்து தொழில் செய்பவர். கணினியில் முகத்தை மட்டும் வெளிச்சமாக்கிப் பார்த்தார். கன்னத்தில் திட்டுத்திட்டாக, சிறு சிறு கட்டங்களாக நிறம் உடைந்தது.

"ரால எடுக்கலையா தம்பி?" என்றார். இல்லை என்றேன். "நெகட்டிவ் இருந்தா திரும்பப் போட்டுக்கலாம். நீ பிரிண்ட மட்டும் கொண்டு வந்திருக்க" என்றார்.

அந்த ஒரு சொல்லின் பொருளைத் தேடிப் படித்ததுதான் இனி நான் கூறப்போவது.

கேமராவுக்குள் நடப்பது என்ன?

கேமராவின் உள்ளே இருக்கும் உணரியில் கோடிக்கணக்கான நுண்ணிய ஒளிக்குழிகள் உள்ளன. மழைநாளில் முற்றத்தில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்தால் எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு நீர் விழுந்தது என்று அளக்கலாம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு குழியிலும் விழுந்த ஒளியின் அளவு ஓர் எண்ணாகிறது. அந்த எண்ணுக்கு நிறம் கிடையாது. ஆகவே குழிகளின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைப் பதித்திருக்கிறார்கள். நான்கு குழிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்பது கணக்கு. நம் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வைப் பச்சையில்தான் மிகுதியாக உணர்கிறது என்பதே பச்சைக்கு இரட்டைப் பங்கு தந்ததன் காரணம். கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்ற அறிவியலாளர் கண்ட இம்முறைக்கு 1976ஆம் ஆண்டு காப்புரிமை வழங்கப்பட்டது.

இவ்வாறு கிடைத்த எண்களைப் பெரும்பாலும் மாற்றமின்றி அப்படியே சேமித்து வைப்பதுதான் ரா. 'கச்சா' என்பது அச்சொல்லின் பொருள். அது இன்னும் படமாகவில்லை, படத்திற்கான மூலப்பொருள்.

ஜேபெக் முறையில் கேமராவே சமையலை முடித்துவிடுகிறது. அந்த எண்களிலிருந்து நிறங்களைக் கணக்கிடுகிறது, 'ஒயிட் பேலன்ஸ்' எனப்படும் நிறச் சமனைத் தீர்மானிக்கிறது, கருமை வெண்மையைக் கூட்டிக் குறைக்கிறது, விளிம்புகளைக் கூர்மையாக்குகிறது. பிறகு கோப்பைச் சுருக்கி, மீதியை எறிந்துவிடுகிறது. எடுத்த அந்தக் கணத்திலேயே படம் தயார். ஆனால் எறிந்தது திரும்ப வராது.

'அவித்த நெல் முளைக்காது' என்பார்கள் நம் ஊரில். ஜேபெக் என்பது அவித்த நெல். உடனே பசியாற்றும். ரா என்பது விதைநெல். அதை அப்படியே உண்ண முடியாது. ஆனால் வேண்டும்போது விதைத்துக்கொள்ளலாம்.

எண்களில் ஒரு கணக்கு

ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்திற்கும் 8 பிட்டுகள். அதாவது 256 படிகள். மூன்று நிறங்களையும் சேர்த்தால் ஒரு கோடியே 67 லட்சம் நிறங்கள் கிடைக்கின்றன. பார்ப்பதற்கு இதுவே மிகுதி. ஆனால் ராவில் 12 பிட் என்றால் 4,096 படிகள். 14 பிட் என்றால் 16,384 படிகள்.

என் அப்பத்தாவின் முகம் விழுந்தது போன்ற ஓர் இருட்டை எடுத்துக்கொள்வோம். முழு வெளிச்சத்தில் 32இல் ஒரு பங்கிற்கும் 64இல் ஒரு பங்கிற்கும் இடைப்பட்ட பகுதி அது எனக் கொண்டால், 14 பிட் ராவில் அதற்கு 256 படிகள் உண்டு. ஜேபெக்கில் ஏறத்தாழ 15 படிகளே. ஒரு முகத்தின் சுருக்கங்களையும் நிழல்களையும் சிரிப்பையும் 15 படிகளுக்குள் அடக்கிவிட்டு, பின்னர் அவற்றை இழுத்து வெளிச்சமாக்கினால் திட்டுகள் தோன்றாமல் என்ன செய்யும்?

கட்டங்கள் தோன்றியதற்கும் காரணம் உண்டு. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள 64 எண்களையும் கொசைன் அலைகளின் கூட்டாக மாற்றுகிறது. அவற்றில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய அலைகளைக் குறைத்தோ நீக்கியோ விடுகிறது. 1992இல் தரப்படுத்தப்பட்ட இம்முறைக்கு அடிப்படையான கணிதத்தை நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974இல் வெளியிட்டனர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். கே. ஆர். ராவ் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். இன்று உலகெங்கும் கைப்பேசிகளில் பறக்கும் படங்களுக்குப் பின்னால் இவர்களின் சமன்பாடு நிற்கிறது என்பது நமக்குப் பெருமையன்றோ!

ஆகவே ஜேபெக்கை மட்டமாக எண்ணுவதற்கில்லை. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ராக் கோப்பு ஏறத்தாழ 25 முதல் 30 எம்.பி. வரை இடம் பிடிக்கும். நல்ல தரத்து ஜேபெக் 10 எம்.பி. அளவில் அடங்கிவிடும். 32 ஜி.பி. மெமரி கார்டில் ஆயிரம் ராப் படங்கள் கொள்ளும் என்றால், ஜேபெக் மூவாயிரம் கொள்ளும். இந்தச் சிக்கனத்தின் அருமையை எனக்கு உணர்த்தியது என் இரண்டாவது தவறு.

இரண்டாவது தவறு

அப்பத்தா படத்திற்குப் பிறகு நான் ராவைத் தவிர வேறெதிலும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்து வந்த ஜனவரியில் கந்தர்வக்கோட்டை அருகே தச்சங்குறிச்சிக்குப் போனேன். தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் சல்லிக்கட்டு வழக்கமாக அங்குதான் நடைபெறும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் காளையும் அவிழ்க்கப்பட இருந்தது. "வாடிவாசல்ல இருந்து வர்றத ஒரு படம் பிடிச்சிருடா" என்று சொல்லியிருந்தார்.

அதற்கு முந்திய காளை வந்தபோது பொத்தானை அழுத்தியபடியே இருந்தேன். படபடவென்று இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் விழுந்தன. பிறகு கேமரா நின்றுவிட்டது. எடுத்த படங்கள் கார்டுக்குப் போகும் முன் தங்கியிருக்க கேமராவுக்குள் ஒரு சிறு தற்காலிக நினைவகம் உண்டு. பெரிய ராக் கோப்புகள் அதை விரைவில் நிரப்பிவிட்டன. அவை கார்டில் எழுதப்படும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். காளை காத்திருக்குமா? பெரியப்பாவின் காளை திமிலைத் தொட விடாமல் பாய்ந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். படமில்லை.

அன்று வானில் மேகமே இல்லை. வெளிச்சம் மாறவேயில்லை. ஒரு முறை அளவைச் சரியாக வைத்துவிட்டால் நாள் முழுவதும் ஜேபெக்கே போதுமானதாக இருந்திருக்கும். அங்கே எனக்கு வேண்டியிருந்தது படிகளின் எண்ணிக்கை அல்ல, வேகம்.

எதை, எப்போது?

அதன் பின் நண்பர்களோடு நார்த்தாமலைக்குப் போயிருந்தபோது இதைச் சோதித்துப் பார்த்தேன். மேலமலையில் விசயாலய சோழீச்சரத்திற்கு எதிரே உள்ள குடைவரைக்குள் பன்னிரண்டு திருமால் சிற்பங்கள் உள்ளன. உள்ளே நிழல், வெளியே பாறை மேல் கண்ணைக் கூசும் வெயில். நிலைப்படியில் அமர்ந்த அப்பத்தாவின் படத்தில் இருந்த அதே சிக்கல். இம்முறை ராவில் வைத்து, வெளியே வானம் முற்றிலும் வெளுத்துவிடாதபடி ஒளியளவைக் குறைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து 'டார்க்டேபிள்' என்ற இலவச மென்பொருளில் நிழலை உயர்த்தினேன். உளியின் தடம் உட்படச் சிற்பம் வெளிவந்தது. வானமும் கெடவில்லை.

ஆகவே பொத்தானை அழுத்துமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஒன்று, வெளிச்சம் நம்பக்கூடியதா? இருட்டும் வெயிலும் கலந்த இடம், குழல்விளக்கும் மஞ்சள் விளக்கும் கலந்த திருமண மண்டபம் ஆகியவற்றில் ரா வேண்டும். ராவில் நிறச் சமன் வெறும் குறிப்பாகவே பதிவாவதால் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு, இந்தப் படத்தை மீண்டும் எடுக்க முடியுமா? முடியாது என்றால் ரா வேண்டும். வெளிச்சம் சீராக இருந்து, விரைவாகப் பல படங்கள் வேண்டுமென்றாலோ, அன்றே அனுப்ப வேண்டுமென்றாலோ ஜேபெக் போதும். இரண்டையும் ஒருசேரப் பதியும் வசதியும் பல கேமராக்களில் உண்டு.

ஒன்றை மறத்தலாகாது. ரா மந்திரக்கோல் அன்று. முற்றிலும் வெளுத்துப்போன இடத்தில் எதுவும் மீளாது. கை ஆட்டமும் குவியப் பிழையும் ராவிலும் பிழைகளே. மேலும், நிறுவனத்திற்கு நிறுவனம் ராக் கோப்பின் வடிவம் வேறுபடும். அடோபி நிறுவனம் 2004இல் டிஎன்ஜி என்ற பொது வடிவத்தை வெளியிட்ட பின்னும் அவ்வேறுபாடு முற்றிலும் மறையவில்லை. எனவே நீண்ட நாள் வைத்திருக்க வேண்டிய படத்திற்கு ஒரு ஜேபெக் நகலும் செய்து வைப்பதே அறிவுடைமை.

அப்பத்தாவின் படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஸ்டூடியோக்காரர் முகத்தை அதிகம் வெளிச்சமாக்காமல், கறுப்பு வெள்ளையாக்கித் தந்தார். காசு வாங்கவில்லை. முகம் மங்கலாகத்தான் தெரிகிறது. பார்க்கிறவர்களுக்கு யாரோ ஒரு மூதாட்டி. எங்களுக்கு மட்டும் அந்தச் சிரிப்புத் தெரியும்.

நண்பர்களே, கேமரா இல்லையென்றாலும் கவலையில்லை. பல கைப்பேசிகளில் இன்று 'புரோ' முறையில் ராப் படம் எடுக்கலாம். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, வீட்டுப் பெரியவர்களை நிலைப்படியிலிருந்து வெளிச்சம் முகத்தில் விழும் பக்கமாகத் திருப்பி உட்காரச் சொல்லுங்கள். ராவில் ஒரு படம் எடுத்து வையுங்கள். விதைநெல்லை எடுத்து வைப்பது போல.