உறங்கும் வித்து

மூத்தம்மா தலையிடிக்கும் சூட்டுக்கட்டிக்கும் சந்தனக்கட்டையை உரைத்துப் பூசுவா. அந்தக் கட்டை விரலளவாகத் தேய்ந்த பிறகுதான், நாமும் ஒரு சந்தனம் நட்டால் என்ன என்ற யோசனை எனக்கு வந்தது. பதுளைப் பக்கம் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் 30 வித்துகள் தந்தார். சாடியில் போட்டு ஒரு மாதம் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் முளைக்கவில்லை. செத்த வித்து என்று வாழையடியில் கொட்டிவிட்டேன். தமிழ் படித்தவன் அறியாமல் செய்த கொலை அது. அவை சாகவில்லை, உறங்கிக்கொண்டிருந்தன என்று பின்னர் சொன்னவர் எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை. சந்தனம் முளைக்க ஒன்று முதல் மூன்று மாதம் வரை எடுக்குமாம்.

வித்து முதிரும்போது அதனுள் அப்சிசிக் அமிலம் சேர்கிறது. ‘இப்ப வேணாம், பொறு’ என்று முளையைத் தடுத்து வைப்பது அதன் வேலை. எல்லா வித்தும் ஒரே நாளில் முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் ஒன்றாகக் கருகிப் போகாமலிருக்க இந்தப் பூட்டு. திறப்பு வேறொரு ஓமோனிடம் இருக்கிறது: ஜிபரெலின். முன்னது குறைந்து பின்னது கூடும்போது முளை புறப்படும். சந்தனத்துக்குக் கெட்டியான ஓடும் உண்டு. தண்ணீர் உள்ளே போகவே நாளெடுக்கும்.

இந்தத் திறப்பு அகப்பட்ட கதை விசித்திரமானது. ஜப்பானிய விவசாயிகளின் நெல் நாற்றுகளில் சில கண்டபடி நெடுத்து, மெலிந்து, சாய்ந்து விழும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மடை நாற்று’ என்று பொருள்படும். நாற்றைத் தாக்கும் ஒரு பூஞ்சணம் வெளியிடும் பொருளே அதற்குக் காரணமென்று 1926இல் குரோசாவா காட்டினார். 1930களில் யபுட்டா அப்பொருளைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். நோயாக வந்தது, இன்று நாற்றுமேடைக்கு மருந்து.

சந்தனத்துக்குச் சொல்லப்படும் அளவு, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 500 மில்லிகிராம் ஜிபரெலிக் அமிலம். அதில் வித்தை ஓரிரவு ஊறவிட வேண்டும். தூள் வெறும் தண்ணீரில் இலகுவில் கரையாது. முதலில் சில துளி ஸ்பிரிட்டில் கரைக்க வேண்டும். இதைக் கேட்டதும் மாமா முகத்தைச் சுளித்தார். “நமக்கில்ல மாமா, வித்துக்கு” என்றேன். அளவு கூடினால் நம் கன்றும் அந்த ஜப்பான் நாற்றைப்போல நெடுத்து மெலியும். கண்ணளவில் போடாமல் பாடசாலை ஆய்வுகூடத் தராசில் நிறுத்தேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். உலக அளவில் அழியும் ஆபத்துக்கு உட்படக்கூடிய இனங்களின் பட்டியலில் சந்தனம் இருக்கிறது. கிளையை வெட்டி நட்டு வேர்பிடிக்க வைப்பதும் கஷ்டம். வெட்டுகிறவர்களுக்கு ஒரு நாள் போதும். வளர்க்கிறவர்களுக்கு இந்த வித்துத்தான் வழி.

இரண்டாம் முறை 20 வித்துகள் போட்டேன். 11 முளைத்தன. இலை விட்ட பின் ஏழு வாடின. ஏனென்றால் சந்தனம் அரை ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரைத் தன் வேரால் பற்றித்தான் போதிய உணவு எடுக்கும். அதற்கு எந்த அமிலமும் உதவாது, துணைச்செடி வேண்டும். மிஞ்சிய நான்குக்கும் பக்கத்தில் துவரை ஊன்றியிருக்கிறேன். துவரை காய்த்துவிட்டது, பிடுங்கவா என்று வீட்டில் கேட்கிறார்கள். காயை ஆயுங்கள், செடியில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.