பாட்டியைத் தேடும் கணினிகள்

கயலின் அம்மா மீனா. மீனாவின் அம்மா வள்ளி. கயலின் அப்பா குமார். குமாரின் அம்மா பொன்னி.

இந்த நான்கு வரிகளோடு ஒரு விதியையும் கணினிக்குச் சொல்லிவைப்போம்: அம்மாவின் அம்மாவும் பாட்டி, அப்பாவின் அம்மாவும் பாட்டி. இப்போது "கயலின் பாட்டி யார்?" என்று கேட்டால் கணினியே தேடிச் சொல்லிவிடும். முதலில் இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று நாம் கட்டளையிடவே இல்லை, கவனித்தீர்களா? எது உண்மை என்று மட்டும்தான் சொன்னோம். இப்படி எழுதப்படுவது தர்க்க நிரல். பிரான்சின் மார்செய் நகரில் 1972-இல் அலான் கோல்மெரோயரும் பிலிப் ரூசெலும் உருவாக்கிய புரோலாக் மொழி இந்த வகைதான்.

கணினிக்குள் இந்த வேலையைச் செய்யும் பகுதி பிராசசர். தேடுவது ஒரே ஒரு பிராசசர் என்றால், அம்மா வழியில் போய் வள்ளியைக் கண்டுபிடிக்கும். திரும்பி வந்து அப்பா வழியில் போய்ப் பொன்னியைக் கண்டுபிடிக்கும். இரண்டு பிராசசர் இருந்தால் ஆளுக்கொரு வழியில் ஒரே நேரத்தில் கிளம்பலாமே!

கிளம்பலாம். ஆனால் இருவருக்கும் ஒரே நோட்டு. அதில் "பாட்டி: ______" என்று ஒரே ஒரு கோடிட்ட இடம். ஒருவர் வள்ளி என்று எழுத, அதன்மேலேயே இன்னொருவர் பொன்னி என்று எழுதினால் என்ன ஆகும்? சுவீடனில் உருவான மியூஸ் என்ற முறை இதற்கு வழி சொன்னது. பாதை பிரியும் இடத்தில், அதுவரை எழுதியதை நகலெடுத்து ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நகலெடுக்கவும் நேரம் பிடிக்குமே! அதனால் நம் பாட்டி கணக்கைப் போன்ற குட்டி வேலையைப் பங்குபோட்டால் நஷ்டம்தான். பெரிய வேலையில்தான் லாபம்.

அம்மா வழியை மட்டும் இருவருக்குப் பிரித்துக் கொடுத்தால்? "கயலின் அம்மா யார்?" என்பது ஒருவருக்கு. "அந்த அம்மாவுக்கு அம்மா யார்?" என்பது மற்றவருக்கு. மீனா என்ற பெயர் தெரியாமல் இரண்டாமவர் யாரைத் தேடுவார்? ஊரில் உள்ள எல்லா அம்மாக்களையும் தேடி அலைய வேண்டியதுதான்! ஜப்பானின் கசுனோரி உவெதா 1985-இல் வடிவமைத்த மொழியில் இதற்கு அழகான விதி இருக்கிறது: உனக்கு வேண்டிய பெயர் வரும்வரை காத்திரு, வந்ததும் ஓடு. நிரல் எழுதுபவர் வரிசை சொல்ல வேண்டாம்; யார் யாருக்காகக் காத்திருப்பது என்பது பெயர் நிரம்பாத காலி இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஜப்பான் 1982-இல் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம் பின்னர் இந்த யோசனையை அடித்தளமாக எடுத்துக்கொண்டது. அங்கே உருவான ஓர் இயந்திரத்தில் 256 பிராசசர்கள் சேர்ந்து தேடின. ஆனால் சாதாரணக் கணினிகளும் வேகமாக வளர்ந்துவிட்டதால், அந்தச் சிறப்பு இயந்திரங்கள் கடைகளுக்கு வரவில்லை.

இப்போது ஒரு தாளை எடுத்து 'அத்தை' யார் என்று விதி எழுதுங்கள். அப்பாவின் சகோதரியும் அத்தை, மாமாவின் மனைவியும் அத்தை. இதில் யார் யார் சேர்ந்தே ஓடலாம், யார் காத்திருக்க வேண்டும்?