பெயர்ப்பதிவு – 9: இடையில் நிற்பவர் காசு கட்டாவிட்டால்?

இணையப் பெயர்களின் மூலப் பட்டியலை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி, அதில் பெயரைப் பதியும் ரெஜிஸ்ட்ரார், அவருக்கும் நமக்கும் இடையில் நின்று விற்கும் ரீசெல்லர் என்ற மூன்று படிகளைப் போன வாரம் பார்த்தாயிற்று. மறுபடி விரிவாக விளக்க இடமில்லை. இந்த வாரம் முழுக்க மூன்றாவது படியில்தான் நிற்கப் போகிறோம்.

எப்போதும்வென்றானிலிருந்து ஒரு மிளகாய் வத்தல் வியாபாரி பேசினார். மதுரை–தூத்துக்குடி சாலையில், இரண்டு பக்கமும் கரிசல் விரிந்து கிடக்கும் ஊர். வெளியூர் ஆர்டர் எல்லாம் அவருக்கு இணையதளம் வழியாகத்தான். இப்போது தளத்தைத் திறந்தால் யாருடைய விளம்பரமோ வருகிறது.

“அண்ணாச்சி, வருசா வருசம் அவன் கேட்ட ரூவாயக் குடுத்துட்டுத்தான் வாரேன். இப்பக் கூப்பிட்டா போன எடுக்க மாட்டேங்கான்.”

தளம் செய்து கொடுத்தவரே டொமைனையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பதிவில் உரிமையாளர் பெயர் வியாபாரியுடையது. மின்னஞ்சல் மட்டும் செய்து கொடுத்தவருடையது. கெட்டது அங்கேதான். .காம் போன்ற பெயர்களுக்குக் காலாவதிக்கு முன் சுமார் ஒரு மாதத்திலும் ஒரு வாரத்திலும், காலாவதியான பின் ஐந்து நாளுக்குள்ளும் உரிமையாளருக்கு நினைவூட்டல் போக வேண்டும் என்பது டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி. 2013 ஆகஸ்ட் முதல் நடப்பில் இருக்கிறது. அத்தனையும் போயிருக்கும், இன்னொருவர் பெட்டிக்கு. புதுப்பிக்காமல் பெயர் காலாவதியாகிவிட்டது.

இப்படிச் சிக்கியவர்கள் ரீசெல்லரையே துரத்துகிறார்கள். அது வீண் வேலை. ஐகானின் தேடல் பக்கத்தில் பெயரைத் தட்டினால் ரெஜிஸ்ட்ரார் யார், காலாவதித் தேதி என்ன, பெயர் எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியும். நேரே அந்த ரெஜிஸ்ட்ராருக்கு எழுத வேண்டும். ரெஜிஸ்ட்ரார்களோடு ஐகான் செய்துகொள்ளும் 2013 ஒப்பந்தப்படி, வாடிக்கையாளர் கேட்டால் ரெஜிஸ்ட்ரார் யார் என்பதை ரீசெல்லர் சொல்லியே ஆக வேண்டும். ரீசெல்லர் வழியாக விற்ற பெயருக்கும் பொறுப்பு ரெஜிஸ்ட்ராருடையதே.

ஐகானின் மாற்றல் விதிகளைப் படித்தபோது ஒரு வரியில் அப்படியே நின்றுவிட்டேன். ரெஜிஸ்ட்ராருக்கும் அவருடைய வியாபாரக் கூட்டாளிக்கும் இடையே பண பாக்கி இருந்தாலும், பெயரின் உரிமையாளர் தன் பங்குக் காசைக் கட்டியிருந்தால், அந்தப் பாக்கியைக் காட்டிப் பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற மறுக்கக் கூடாது. இடையில் நிற்பவர் காசை விழுங்கிவிடக்கூடும் என்பதை எழுதியவர்கள் அறிந்தே எழுதியிருக்கிறார்கள். நம் வியாபாரிக்காகவே வைத்த வரி போல இருக்கிறது. பணம் அனுப்பிய யூபிஐ விவரங்களைத் தேடி எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அந்த வரி இருந்தும் 2007-ல் ஒரு பெரிய கூத்து நடந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ரெஜிஸ்டர்ஃப்ளை என்றொரு நிறுவனம். ஈநாம் என்ற ரெஜிஸ்ட்ராருக்கு ரீசெல்லராகத் தொடங்கி, பிறகு தானே ரெஜிஸ்ட்ரார் ஆனது. பங்குதாரர்களுக்குள் சண்டை மூண்டு நீதிமன்றம் போனார்கள். வாடிக்கையாளர்கள் புதுப்பிக்கக் கட்டிய காசு மேலே போய்ச் சேரவில்லை. பெயர்கள் காலாவதியாகிக்கொண்டே இருந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் ஐகான் அங்கீகாரத்தை ரத்து செய்வதாக அறிவித்தது. ஆனால் எந்தப் பெயர் யாருடையது என்ற பட்டியல் அந்த நிறுவனத்தின் கணினிக்குள் அல்லவா கிடக்கிறது! தங்கள் விவரம் வெளியே தெரியாமல் இருக்கக் கூடுதல் காசு கட்டியவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். பொதுப் பதிவில் அவர்கள் பெயரே இல்லை. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, மே மாதம் எட்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் கோடாடி என்ற ரெஜிஸ்ட்ராருக்குக் கைமாறின. பட்டியலின் நகலை வெளியார் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது பழைய ஒப்பந்தத்திலேயே இருந்த ஷரத்து; யாரும் நடைமுறைப்படுத்தவில்லை. அந்த நவம்பரில்தான் அயர்ன் மவுண்டன் நிறுவனத்தை அதற்கு நியமித்தார்கள். நம் பெயர்களின் பட்டியல் இன்று வெளியே பத்திரமாக இருக்கிறதென்றால், அன்று அத்தனை பேர் பட்ட பாட்டால் வந்தது.

சரி, நாள் கணக்கு. .காம் பெயர் காலாவதியான பின் 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம். எத்தனை நாள் தருவது என்பது ரெஜிஸ்ட்ரார் விருப்பம். இதற்குள் புதுப்பித்தால் வேலை எளிது. பிறகு பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம். கட்டணம் பல மடங்கு, பழைய ரெஜிஸ்ட்ரார் மூலமே மீட்க வேண்டும். அதன் பின் ஐந்து நாள் யாரும் தொட முடியாது. ஆறாம் நாள் முந்தியவருக்குச் சொந்தம். ஒன்றைக் கவனியுங்கள்: பல ரெஜிஸ்ட்ரார்கள் சலுகைக் காலத்திலேயே பெயரை ஏலத்துக்கு விடுகிறார்கள். அப்படிக் கைமாறினால் அந்த 30 நாள் வரவே வராது. 75 நாள் கையில் இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பது ஆபத்து.

வியாபாரியின் பெயர் இன்னும் சலுகைக் காலத்தில்தான் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரார் அடையாளச் சான்று கேட்டிருக்கிறார்கள். ஆதாரும் ஜிஎஸ்டி சான்றிதழும் போயிருக்கின்றன. மின்னஞ்சலை மாற்றிக் கொடுத்தால் முதல் வேலை புதுப்பிப்பது. வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாறத் தேவையான ஆத் கோடு கேட்பது அதற்குப் பிறகு. கேட்ட ஐந்து நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார் அதைத் தர வேண்டும்.

சிஃபி வழக்கை இந்த வாரம் எழுதுவதாக இருந்தது. 2004 மே 6-ல் உச்ச நீதிமன்றம், டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கான பாதுகாப்பு உண்டு என்று சொன்ன வழக்கு. மீட்கத் தவறிய பெயரை வேறொருவர் வாங்கிவிட்டால் கைகொடுப்பது அந்தத் தீர்ப்புதான். அடுத்த வாரம் அதோடு, .இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அவற்றுக்கு வைத்திருக்கும் தனி நடைமுறையும்.