மாதர் சங்கங்களும் தொழிற்கடனும்

கிராமப் பெண்கள் சிறு தொழிலொன்றைத் தொடங்குதற்கு முதல் இன்றியமையாதது. காணி உறுதி தம் பெயரில் இல்லாதோரும், அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியில் வாழ்வோரும் ஈடு வைத்து வங்கிக் கடன் பெறுதல் எளிதன்று. இக்குறையை நீக்கவல்லது குழுப் பிணை முறையாகும். இலங்கையில் 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் கூட்டுறவு நாணய சங்கங்கள் சட்ட உரிமை பெற்றன. 1995 இல் தொடங்கிய சமுர்த்தித் திட்டத்திலும் ஐவர் கொண்ட சிறு குழுக்கள் அமைக்கப்பட்டன. குழுவில் ஒருவர் பெறும் கடனுக்கு மற்றையோர் பிணை நின்றனர்.

எனினும், ஒரே வட்டிக்குக் கடன் பெறும் இரு குழுக்களுள் ஒன்று முன்னேற, மற்றையது கலைந்துபோதலும் உண்டு. இவ்வேறுபாட்டிற்குரிய காரணங்களுள் முதன்மையானது தவணைக்கும் வருமானத்திற்கும் உள்ள பொருத்தமேயாகும்.

தவணையும் விளைச்சலும்

மாதத் தவணை பெரும்பாலும் கடன் பெற்ற அடுத்த மாதமே தொடங்கும். பயிரும் கால்நடையுமோ தமக்குரிய காலத்திலேயே பயன்தரும். பயறு ஏறத்தாழ 65 நாட்களிலும், சின்ன வெங்காயம் ஏறத்தாழ இரண்டரை மாதத்திலும் பலன் கொடுக்கும். ஒருநாட் குஞ்சாக வாங்கப்படும் முட்டையினக் கோழி முட்டையிடுதற்கு ஏறத்தாழ 20 வாரங்கள் செல்லும். சினைப்பட்ட ஆடு ஈனுவதற்கு ஐந்து மாதங்களாகும். குட்டி விலைப்படுதற்கு மேலும் பல மாதங்கள் வேண்டும்.

ஆகவே, கோழிக்குஞ்சு வாங்கிய பெண் முதல் முட்டையைக் காணுமுன் நான்கு தவணைகளைச் செலுத்த நேரிடும். அப்பணத்தைக் கூலியிலிருந்தோ, நகையை அடகு வைத்தோ, வேறொரு கடன் பெற்றோ அவள் தேடல் வேண்டும். ஒரு கடனை மற்றொரு கடனால் அடைக்கத் தொடங்கின், தொழில் வளர இடமில்லை. அவள் தவறிய தவணையை மற்றை நால்வரும் சுமக்க, நாளடைவில் கூட்டத்திற்கு வருவதையும் அவள் தவிர்ப்பாள். குழு குலைவது இவ்வாறே.

இதன் கேட்டினைத் தனியார் நுண்கடன்கள் தெளிவாகக் காட்டின. வாரந்தோறும் தவணை கேட்கும் அக்கடன்களில் வறட்சிப் பிரதேசப் பெண்கள் பலர் சிக்குண்டனர். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்றுத் தவணை தவறிய ஒரு இலட்சம் ரூபாவிற்கு மேற்படாத கடன்களை அரசாங்கமே தீர்க்க முன்வந்தது.

வட்டியின் கணக்கு

வட்டி வீதத்தை மட்டும் கேட்டல் போதாது. அதனைக் கணக்கிடும் முறையையும் கேட்டறிதல் வேண்டும். 60,000 ரூபா கடனுக்கு ஆண்டு வட்டி 12 வீதம் என்று கொள்வோம். முழுத் தொகைக்கும் ஆண்டு முழுவதும் வட்டி விதிப்பின், வட்டி 7,200 ரூபா. மாதத் தவணை 5,600 ரூபா. ஆயின், மாதந்தோறும் முதல் குறைந்துவருதலால் உண்மை வட்டி ஏறத்தாழ 21 வீதமாகும். எஞ்சிய முதலுக்கு மாத்திரம் வட்டி விதிக்கும் கடனே நயமானது.

குழு கைக்கொள்ள வேண்டியவை

1. விண்ணப்பத்தில் ஒப்பமிடுமுன், பன்னிரண்டு மாதங்களுக்கும் வரவையும் தவணையையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தல் வேண்டும். வரவில்லாத மாதங்களுக்குச் சலுகைக் காலம் கேட்டல் வேண்டும்.

2. ஐவரும் ஒரே தொழிலில் இறங்குதல் தகாது. ஐவரும் மிளகாய் பயிரிட்டு விலை வீழ்ந்தால், பிணை நிற்போரிடமும் பணமிராது.

3. நோய், பள்ளிச் செலவு முதலியவற்றிற்கென வாரச் சேமிப்பைத் தனியே வைத்தல் வேண்டும். அஃதில்லையேல் தொழில் முதலே வீட்டுச் செலவிற் கரைந்துவிடும்.

4. காசேட்டைக் கூட்டந்தோறும் உரத்து வாசித்தல் வேண்டும். கொடுத்த பணத்திற்குப் பற்றுச்சீட்டு தவறாது பெறுதல் வேண்டும்.

5. உற்பத்திப் பொருளை எவர் வாங்குவார் என்பதைக் கடன் பெறுமுன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும்.

பயிர்க்காலம், செலவு, எதிர்பார்க்கும் விளைச்சல் ஆகியவற்றைப் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம். கணக்குப் பார்த்தபின் தவணைக்கு வழியில்லாத மாதங்கள் பல காணப்படின், கடனைக் குறைத்துப் பெறுதலோ, அடுத்த போகம்வரை காத்திருத்தலோ நன்று.